தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொத்து வரியோடு 300 ரூபாய்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வியாபாரிகள் சங்கத்தின் பொருளாளராகவும் இருக்கிறேன். எங்களுக்கு அருகில் உள்ள தீயணைப்பு நிலையமே 22 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்ற பங்குனியில் ஒரு வைக்கோல் படப்பில் பிடித்த தீ பக்கத்து ஓலைக் கொட்டகைக்கும் தாவியது. வண்டி வந்து சேர்வதற்குள் இரண்டும் சாம்பலாகிவிட்டன. அதன்பின், வீட்டுக்கு ஆண்டுக்கு 300 ரூபாயைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலித்து, ஊருக்கென்று ஒரு தீயணைப்பு வண்டியும் ஓர் ஆம்புலன்ஸும் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இங்கே வரி கட்டுகிற வீடும் கடையுமாகச் சுமார் 4,000 வரிவிதிப்புகள் இருக்கின்றன. அம்மன் கோயில் கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்கிற ஊருக்கு இது முடியாதா என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கும் என் மகளும், அங்கே வீட்டு வரிச் சீட்டிலேயே தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் தனித்தனியாக வரி போடுகிறார்கள் என்கிறாள். பேரூராட்சி மன்றத்தில் வைப்பதற்கான தீர்மான வரைவில் என் கையெழுத்தையும் கேட்கிறார்கள். வசூலாகும் தொகை ‘பேரூராட்சிப் பொது நிதியில் வரவு வைக்கப்படும்’ என்று அதில் எழுதியிருக்கிறது. இப்படி வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டா? கட்டாதவர்களை என்ன செய்வது? நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள அண்ணாச்சி, உள்ளாட்சிகளின் வரவு செலவுகளைத் தணிக்கை செய்வதே என் வாழ்நாள் வேலையாக இருந்தது என்பதால், உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் முதலில் வண்டிக்குப் போகவில்லை, அந்த 300 ரூபாய் எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்படும் என்ற கேள்விக்குத்தான் போனது. வரைவு இப்போது இருக்கிற நிலையில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் உங்கள் ஊர்ப் பெரியவர்களின் எண்ணத்தில் தவறில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்; தீயும் விபத்தும் யார் வீட்டுக்கு வரும் என்று தெரியாத நிலையில், எல்லோரும் சிறிது சிறிதாகக் கொடுத்து ஒரு காவலை வைத்துக்கொள்வது நியாயமான ஏற்பாடுதான். தவறு அதைச் செய்யப் போகும் வழியில் இருக்கிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று அரசமைப்பின் 265ஆவது பிரிவு சொல்கிறது. பேரூராட்சி மன்றம் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அனுமதிக்கிற வரிகளை மட்டுமே விதிக்கலாம். மன்றத்தில் ஒருமனதாகக் கை தூக்கிவிட்டார்கள் என்பதாலேயே ஒரு புதிய வரி பிறந்துவிடாது. அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் ஏழாவது இனமாகத் தீயணைப்புப் பணி இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் காட்டக்கூடும். அந்த அட்டவணை, மாநிலம் விரும்பினால் நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியல். தமிழ்நாட்டில் தீயணைப்பும் மீட்பும் இன்றுவரை மாநில அரசின் துறையாகவே நடக்கின்றன. ‘வரி’ என்று எழுதாமல் ‘பாதுகாப்புக் கட்டணம்’ என்று எழுதினால் சரியாகிவிடும் என்று யோசனை சொல்பவர்களும் இருப்பார்கள். பெயரை மாற்றுவதால் தன்மை மாறாது என்பது பழைய தீர்ப்புகளிலேயே தெளிவாகிவிட்டது. மதராஸ் இந்து சமய அறநிலைய ஆணையருக்கும் ஷிரூர் மடத்துக்கும் இடையிலான வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் வரிக்கும் கட்டணத்துக்கும் வேறுபாடு சொன்னபோது, கட்டணம் என்றால் கொடுப்பவருக்குக் குறிப்பிட்ட ஒரு சேவை கிடைக்க வேண்டும் என்றும், அந்தப் பணம் பொது வருவாயோடு கலக்காமல் அந்தச் சேவைக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்றும் விளக்கியது. தீப்பிடிக்காத வீட்டுக்காரரிடம் ஆண்டுதோறும் கட்டாயமாக வாங்குவதை அந்த வரையறைக்குள் அடக்குவது எளிதல்ல.

இப்படி ஒரு வரி இந்தியாவுக்கே அந்நியம் என்றும் எண்ண வேண்டாம். மத்திய உள்துறை 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரித் தீயணைப்புச் சட்ட வரைவில் தீயணைப்பு வரிக்கு இடம் இருக்கிறது. கர்நாடகம் புதிய உயரமான கட்டடங்களுக்குச் சொத்து வரியின் மேல் ஒரு விழுக்காடு மேல்வரி போடச் சட்டத்தைத் திருத்தியது. எங்கே வந்தாலும் அது மாநிலச் சட்டத்தின் வழியாகவே வந்திருக்கிறது. ஓர் ஊரின் தீர்மானத்தின் வழியாக வரவில்லை.

உங்கள் மகள் சொன்னது உண்மை. ஆனால் சீட்டில் தெரிகிற இரண்டு வரிகளுக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் தீயணைப்பு வட்டாரம் என்பது நகராட்சியிலிருந்து வேறான, தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்களைக் கொண்ட ஒரு தனி உள்ளாட்சி. வீட்டின் மதிப்பில் ஆயிரம் டாலருக்கு அதிகபட்சம் ஒன்றரை டாலர் தீயணைப்புக்கும், அரை டாலர் அவசர மருத்துவத்துக்கும் விதிக்கலாம் என்று மாநிலச் சட்டமே உச்சவரம்பு கட்டியிருக்கிறது. ஆறு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு அது 900 டாலரும் 300 டாலரும் ஆகும். அந்த மருத்துவ வரியை முதன்முறை கொண்டுவர வாக்காளர்களில் 60 விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும். பல ஊர்களில் அது ஆறு அல்லது பத்து ஆண்டுகளில் தானாகவே காலாவதியாகும். மறுபடியும் வேண்டுமென்றால் மறுபடியும் மக்களிடம் போய் நிற்க வேண்டும். மேலும், புதுக் கட்டடங்களால் வருவதைத் தவிர, மொத்த வரித் தண்டலை ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேல் அந்த ஆணையர்கள் தாமாக உயர்த்த முடியாது. சம்பளமும் டீசலும் அதைவிட வேகமாக ஏறுவதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டோடு வந்து கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படுகிறது. அந்தக் கட்டாயம்தான் அந்த வரியை நேர்மையாக வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

அதே நாட்டில் வரியாக வாங்காமல் சந்தாவாக வாங்கிய இடமும் உண்டு. டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்தின் தீயணைப்புத் துறை, நகர எல்லைக்கு வெளியே இருந்தவர்களிடம் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கேட்டது. 2010இல் சந்தா கட்டாத ஒருவரின் வீடு பற்றியபோது, வண்டி வந்தது. சந்தா கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டை எரிய விட்டுவிட்டது. ‘கட்டாதவர்களை என்ன செய்வது’ என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களே, அண்ணாச்சி, அந்தக் கேள்வியை அதன் எல்லைவரை கொண்டுபோனால் இங்கேதான் வந்து நிற்கும்.

இதனால்தான் தலைக்கட்டு வரி என்ற உவமை எனக்குச் சற்று உறுத்துகிறது. அந்த வரி நம் பக்கத்தில் ஒழுங்காக வசூலாவதற்குக் காரணம், கொடுப்பவர் கொடுத்ததும் செலவானதும் கோயில் முன்னால் ஊர் கூடி உட்கார்ந்திருக்க வாசிக்கப்படுவதுதான். பந்தல்காரருக்கு இவ்வளவு, நையாண்டி மேளத்துக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த வெளிப்படைத்தன்மையை எந்த அரசு அலுவலகமும் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். அதே வரிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்காமல் ஒதுக்குவது என்பதை வைத்தே ஒரு குடும்பத்தையோ ஒரு தெருவையோ ஊருக்கு வெளியே நிறுத்திய கதைகள் நம் மாவட்டத்தில் நமக்குத் தெரியாதவை அல்ல. கொடைக்கு அது ஒருவிதம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பவரை ஏற்ற வருகிற வண்டி, அவர் எந்தத் தலைக்கட்டு என்று பார்க்கிற நிலை எந்தக் காலத்திலும் வரக் கூடாது.

இனி நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சொத்து வரியின் மேல் ஒரு குறிப்பிட்ட சேவைக்காக வசூலிக்கப்படும் மேல்வரிக்கு நாம் சியாட்டில் போக வேண்டியதில்லை. உங்கள் கடைக்கு நீங்கள் கட்டுகிற வரியிலேயே அது இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் இப்போது 10 காசு வீதம் நூலக வரியை உள்ளாட்சிகள் வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் விடுதலை கிடைத்த மறு ஆண்டே வந்த அந்தச் சட்டத்துக்கு நம் மாநிலத்து வாசகசாலைகள் கடன்பட்டிருக்கின்றன. ஆனால் வசூலித்த உள்ளாட்சிகள் பல, அதை உரிய காலத்தில் செலுத்துவதில்லை என்பது நெடுங்காலக் குறை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரூராட்சியின் தண்டல் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலக வரிக்கென்று இருந்த பத்தியில் ஒவ்வொரு வரிவிதிப்பு எண்ணுக்கும் நேராகத் தொகை காசு பிசகாமல் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தின் அடியில் கூட்டிப்போட்டு, அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயும் இருந்தார்கள். அந்தத் தொகை ஆணைக்குழுவுக்குப் போனதற்கான காசோலை எண்ணைத் தேடியபோது நான்கு அரையாண்டுகளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. செயல் அலுவலரைக் கேட்டேன். தெருவிளக்குக்கான மின்கட்டண பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க வந்துவிட்டார்கள் என்றும், கையில் இருந்த பணத்தை எடுத்துக் கட்டிவிட்டதாகவும், அடுத்த தண்டலில் ஈடுசெய்துவிடலாம் என்று எண்ணியதாகவும் அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு ரூபாய்கூட யார் சட்டைப்பைக்கும் போகவில்லை. எல்லாப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்ததால், அன்றைக்கு எது அவசரமோ அதற்குப் போயிற்று. நான் இது தவறு என்று தணிக்கைத் தடை எழுதினேன், பதில் வந்தது, நூலகத்துக்குப் புத்தகம் வரவில்லை.

உங்கள் வரைவில், வசூலாகும் தொகை ‘பேரூராட்சிப் பொது நிதியில் வரவு வைக்கப்படும்’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அடுத்தது தொகை. 4,000 வரிவிதிப்புகளுக்கு 300 ரூபாய் என்றால் 12 லட்சம். எல்லோரும் கட்டப் போவதில்லை, நூற்றுக்கு எழுபது பேர் கட்டினால் 8,40,000. ஓர் ஆம்புலன்ஸை இரவும் பகலும் நிறுத்திவைக்க, எட்டு மணி நேரச் சுற்று மூன்றுக்கு ஓட்டுநரும் மருத்துவ உதவியாளருமாக ஆறு பேர், விடுப்புக்கு மாற்றாக இரண்டு பேர், ஆக எட்டுப் பேர் வேண்டும். ஆளுக்கு மாதம் 20,000 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆண்டுச் சம்பளம் மட்டும் 19,20,000 ரூபாய். டீசல், டயர், ஆக்சிஜன், காப்பீடு எதையும் இன்னும் எழுதவில்லை. தீயணைப்பு வண்டிக்கோ ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பேராவது வேண்டும். வண்டி வாங்குவது எளிது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியிலோ நன்கொடையிலோ ஒன்று வந்துவிடும், மாலை போட்டுக் கொடியசைத்துப் படமும் எடுத்துக்கொள்ளலாம். தீ எரியாத முந்நூறு நாளும் ஆட்கள் விழித்திருந்து காத்திருப்பதற்குத்தான் பணம் கரைகிறது. அந்தச் செலவைப் பல ஊர்கள், பல மாவட்டங்கள் என்று பரப்பினால்தான் தாங்கும். 2022 மே மாதம் நம் மாவட்டத்து அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்தபோது, உள்ளூர் வீரர்களோடு அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையும் வர வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் வேலைசெய்த படகுகளை எந்த ஒரு பேரூராட்சியின் வரியும் வாங்கி வைத்திருக்க முடியாது.

யார் கொடுப்பது என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்கு 300 என்றால், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் பீடி சுற்றுகிற அம்மாவும் 300 கொடுப்பார், சாலையோரத்துத் திருமண மண்டபமும் 300 கொடுக்கும். சொத்து வரியில் விழுக்காடாகப் போட்டாலாவது, ஆண்டுக்கு 600 ரூபாய் வரி கட்டுபவருக்கு 60, 40,000 கட்டுபவருக்கு 4,000 என்று பத்து விழுக்காட்டில் ஒரு நியாயம் கிடைக்கும். அப்போதும் வயலில் இருக்கிற படப்புக்கு வரி இல்லை. நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அடிபடுகிற வெளியூர்க்காரருக்கும் இல்லை. உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் அதிகம் ஓடப்போவது அந்தச் சாலைக்குத்தான் என்று நினைக்கிறேன். அங்கே சுங்கம் வசூலிப்பவர்களுக்கே விபத்து ஆம்புலன்ஸ் வைக்கும் பொறுப்பு இருக்கிறது; அழைக்க வேண்டிய எண் 1033 என்பதைக் கடைக்கு வெளியே எழுதிப் போட்டாலே ஒரு பயன் உண்டு.

ஆகவே, நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தீயணைப்புத் துறையிடம், கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் பேரூராட்சி எல்லையிலிருந்து வந்த அழைப்புகள் எத்தனை, அழைப்பு வந்த நேரம் என்ன, வண்டி வந்து சேர்ந்த நேரம் என்ன என்று கேளுங்கள். படப்பு, கிணற்றில் விழுந்த மாடு, கதண்டுக் கூடு என்று எல்லாம் அதில் வரும், எல்லாமே அழைப்புதான். கிராமப்புறத்துக்கு 20 நிமிடத்துக்குள் வண்டி சேர வேண்டும் என்பது தேசிய அளவிலான பரிந்துரை. உங்கள் சராசரி அதைத் தாண்டியிருந்தால், புதிய நிலையம் கேட்பதற்கு அதைவிட வலுவான காகிதம் கிடையாது. அதோடு பேரூராட்சிக்குச் சொந்தமான இடம் ஒன்றைக் கொடுக்கத் தயார் என்று மன்றம் தீர்மானம் போடட்டும். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்க நாடு முழுவதற்கும் 5,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இப்படியான நிதி வரும்போது இடமும் புள்ளிவிவரமும் கையில் வைத்திருக்கிற ஊர் முன்னால் நிற்கும்.

ஆம்புலன்ஸுக்கு இதைவிடக் குறுக்குவழி இருக்கிறது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவை, வண்டிகளை ஆங்காங்கே நிறுத்திவைத்தே இயங்குகிறது. சம்பளமும் டீசலும் அரசின் பொறுப்பு. உங்கள் ஊரில் ஒரு வண்டியை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். கூடவே, ஆட்கள் தங்க ஓர் அறை, கழிப்பறை, மின்விசிறி, வண்டிக்கு ஒரு கொட்டகை ஆகியவற்றைச் செய்துதர ஊர் தயார் என்று எழுதுங்கள். 8,40,000 ரூபாயில் வராத ஆம்புலன்ஸ், ஓர் அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்தால் வர வாய்ப்பு இருக்கிறது.

தீ விஷயத்தில் மன்றம் தன் சட்டபூர்வமான நிதியிலேயே உடனே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. ஒரு தீயணைப்பு வண்டி ஏறத்தாழ 4,500 லிட்டர் தண்ணீரோடு வரும். முழு வேகத்தில் அடித்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பிறகு எங்கே நிரப்புவது என்று தெருத்தெருவாகக் கேட்டுக்கொண்டு அலைவதில்தான் இன்னொரு கூரையும் போகும். மேல்நிலைத் தொட்டியின் அடியில் வண்டி நுழைய வழிவிட்டு, அவர்களுடைய குழாய் பொருந்துகிற ஓர் இணைப்பை வைத்து, நிலைய அலுவலரை ஒருமுறை அழைத்துக் காட்டிவிடுங்கள். குடிநீர் லாரிக்கு ஒரு பம்ப் செட்டும் குழாயும் இருந்தால், அந்த 22 கிலோமீட்டரை வண்டி கடந்து வருகிற வரை படப்புத் தீயையாவது பக்கத்துக் கொட்டகைக்குத் தாவாமல் பிடித்து நிறுத்தலாம்.

இதற்கெல்லாம் சங்கம் பணம் திரட்ட விரும்பினால் தாராளமாகத் திரட்டட்டும். அது நன்கொடையாக இருக்கட்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு, கொடை முடிந்து வாசிப்பது போல ஆண்டுக்கு ஒருநாள் ஊர் முன்னால் கணக்கு. கொடுக்காதவருக்குப் பிறப்புச் சான்றிதழையோ குடிநீர் இணைப்பையோ நிறுத்த மன்றத்துக்கு உரிமை இல்லை. அப்படி ஒரு பேச்சு எழுந்தால் பொருளாளர் என்ற முறையில் நீங்களே முதலில் தடுத்துவிடுங்கள்.

வரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘வசூலிக்கத் தீர்மானிக்கப்படுகிறது’ என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, இடம் தருவதும், 108 வண்டிக்கு அறை தருவதும், தொட்டியில் இணைப்பு வைப்பதுமாக மூன்று வாக்கியங்களை எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம்.